பிறேக்குக்கு எந்தக் கால்?

வாகனம் ஓட்டப் பழகுவோருக்கும் பழக்குவோருக்குமான பாடம்

இடம்பெயரும் குடும்பம் காணியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கிணறும் வரம்பும் தென்னையும் பின்னால் நின்றுவிடும். கையும் காலும் பழகிய தொழில் ஒன்றே கூட வரும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் புதிய இடத்தில் வாகனம் ஓட்டும் வேலையைத் தேடுவது இதனால்தான். உழவு இயந்திரம் ஓட்டியவருக்கு வான் ஓட்டுவது பெரிய காரியமாகத் தோன்றுவதில்லை. மோட்டார் சைக்கிள் ஓடியவர் முச்சக்கர வண்டிக்கு மாறுகிறார். பிறகு யாரோ ஒருவருடைய ஓட்டோமற்றிக் கார் கைக்கு வருகிறது.

அப்போது ஒரு கேள்வி எழுகிறது. ஓட்டோமற்றிக் காரில் கிளச் இல்லை. இடது கால் சும்மா இருக்கிறது. அந்தக் காலால் பிறேக் பிடித்தால் என்ன? வேலையும் சுலபம், காலும் மாற்ற வேண்டியதில்லை என்று பழகுவோர் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. "அப்படிச் செய்யாதே" என்று சொல்லிவிடாமல், காரணத்தோடு விளங்கிக்கொள்வோம். காரணம் தெரிந்த பழக்கமே ஆபத்து வேளையில் நிலைத்து நிற்கும்.

1. மூன்று மிதிகள், இரண்டு கால்கள்

கியர் மாற்றி ஓட்டும் காரிலோ வானிலோ மூன்று மிதிகள் இருக்கின்றன. இடமிருந்து வலமாக கிளச், பிறேக், அக்சிலேற்றர் என்பது ஒழுங்கு. ஸ்ரியறிங் வலப்பக்கம் இருக்கும் நமது நாட்டிலும் இடப்பக்கம் இருக்கும் நாடுகளிலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை. இடது கால் கிளச்சுக்கு மட்டும். வலது கால் அக்சிலேற்றருக்கும் பிறேக்குக்கும்.

ஆரம்பத்தில் எல்லாக் கார்களும் இப்படி இருக்கவில்லை. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட ஃபோர்ட் மொடல் ரி காரிலும் மூன்று மிதிகள் இருந்தன. ஆனால் இடது மிதி கியருக்கும், நடு மிதி பின்னோக்கிச் செல்வதற்கும், வலது மிதி பிறேக்குக்கும் உரியவை. வேகத்தைக் கூட்டுவது ஸ்ரியறிங்கின் கீழிருந்த கைலீவர். பின்னர் வந்த கார்களில் வேகமும் காலுக்கே வந்து, இன்றைய ஒழுங்கு நிலைத்தது.

1940ஆம் ஆண்டு மொடலாக ஓல்ட்ஸ்மொபில் கார்களில் முழு ஓட்டோமற்றிக் கியர் விற்பனைக்கு வந்தது. கிளச் மிதி மறைந்தது. இடது காலுக்கு வேலை இல்லாமற் போனது. இந்தக் கேள்வி அன்றிலிருந்தே இருந்து வருகிறது.

2. வலது காலில் உள்ள பாதுகாப்பு

ஒரு கால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இந்தப் பாடத்தின் அச்சாணி இதுதான்.

வலது கால் பிறேக்குக்குப் போக வேண்டுமானால் முதலில் அக்சிலேற்றரை விட வேண்டும். விட்டவுடன் என்ஜினின் இழுவை குறைகிறது. அதன் பின்னரே பிறேக் பிடிக்கிறது. ஓட்டுபவர் யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் இந்த ஒழுங்கு தானாக நடக்கும். வாகனத்தை ஓடச் செய்யும் காலும் நிறுத்தும் காலும் ஒன்றாக இருப்பதால், ஓடு என்றும் நில் என்றும் ஒரே வேளையில் இரண்டு கட்டளைகள் போவதில்லை.

இரண்டு கால்களால் ஓட்டினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. மாடு குறுக்கே வந்தாலோ பிள்ளை ஓடிவந்தாலோ நமது உடல் முழுவதும் விறைக்கிறது. இரண்டு கால்களும் சேர்ந்தே முன்னே தள்ளும். இடது கால் பிறேக்கை மிதிக்க, வலது கால் அக்சிலேற்றரை மிதிக்கும். பிறேக் என்ஜினோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். வாகனம் நிற்க எடுக்கும் தூரம் நீண்டுவிடும். பல புதிய கார்களில் இரண்டு மிதிகளும் ஒருங்கே அமர்த்தப்பட்டால் என்ஜினின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் கூலிக்கு ஓட்டக் கிடைக்கும் பழைய வானில் அதை எதிர்பார்க்க முடியாது.

3. இடது காலுக்காகச் சொல்லப்படும் நியாயம்

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம்.

அக்சிலேற்றரிலிருந்து பிறேக்குக்குக் காலை மாற்றச் சிறிது நேரம் செல்கிறது. அதை ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கி.மீ வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 3 மீற்றர். இடது காலைப் பிறேக்கின் மேல் தயாராக வைத்திருப்பவர் அந்த 3 மீற்றரை மிச்சப்படுத்தலாம்.

காரோட்டப் போட்டிகளில் இது உண்மையாகவே பயன்படுகிறது. பின்லாந்தைச் சேர்ந்த ரவுனோ ஆல்ற்ரொனன், 1967இல் மினி கூப்பர் காரில் மொன்ரே கார்லோ போட்டியை வென்றவர். இடது கால் பிறேக்கில் பேர் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். முன்சக்கரம் இழுக்கும் காரில், வலது காலால் என்ஜினின் இழுவையை விடாமலே இடது காலால் பிறேக்கைத் தொட்டு, வளைவில் காரின் பின்பகுதியைத் திருப்புவது அந்த வித்தை. சிறுவர் பழகும் கார்ட் போட்டி வண்டிகளில் பிறேக் மிதியே இடது பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அவர்கள் தினமும் ஒரே வகை வண்டியில், ஒரே முறையில், மூடிய பாதையில் பழகுகிறவர்கள். நமது நிலை வேறு. காலையில் உழவு இயந்திரம், மத்தியானம் மோட்டார் சைக்கிள், மாலையில் இன்னொருவருடைய வான். நமது இடது கால் கற்ற பாடம் கிளச். கிளச்சை அடிவரை அமர்த்துவதே அதன் பழக்கம். அந்தக் காலைப் பிறேக்கில் வைத்தால், மெல்ல அமர்த்தத் தெரியாமல் ஒரேயடியாக அமர்த்திவிடும். பின்னால் இருப்பவர்கள் முன்சீற்றில் மோதுவார்கள். பின்னால் வரும் வாகனம் நம்மை இடிக்கும்.

இடது காலைப் பிறேக்கின் மேல் வைத்தே ஓட்டுவதில் வேறு தீமைகளும் உண்டு. கால் லேசாக அமர்ந்தாலே பிறேக் லைற் எரியும். எப்போதும் எரியும் லைற்றைப் பார்த்து, நாம் உண்மையில் நிறுத்தப் போவது எப்போது என்று பின்னால் வருபவர் அறிய முடியாது. பிறேக் கட்டைகள் உராய்ந்துகொண்டே இருக்கும், தேயும், சூடேறும். மிகச் சூடேறிய பிறேக் தேவைப்படும்போது பிடிக்காது. எண்ணெய்ச் செலவும் கூடும்.

மிச்சமாகும் 3 மீற்றரை வேறு வழியிலும் பெறலாம். சந்தை, பாடசாலை, பஸ் தரிப்பு என்பவற்றை நெருங்கும்போதே வலது காலை அக்சிலேற்றரிலிருந்து எடுத்துப் பிறேக்கின் மேல், அமர்த்தாமல், தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம் மிச்சமாகும். வேகமும் தானாகக் குறைந்திருக்கும்.

4. வலது காலும் மாறி மிதிக்கலாம்

வலது காலால் ஓட்டினால் ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். இரண்டு மிதிகளுக்கு ஒரு கால் என்பதால், மிதி மாறிப்போகும் ஆபத்து இருக்கிறது.

கார்கள் தாமாகவே பாய்ந்தன என்ற முறைப்பாடுகளை ஆராய்ந்த ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம், 1989இல் தனது ஆய்வை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு எதுவும் காணப்படாத சம்பவங்களில், பிறேக் என்று நினைத்து அக்சிலேற்றரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்று அது கூறியது. 2019 ஏப்ரலில் ரோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் 87 வயதான ஒருவர் ஓட்டிய கார் பாதசாரிக் கடவையில் பாய்ந்து, ஒரு தாயும் அவருடைய 3 வயது மகளும் உயிரிழந்தனர். காரில் கோளாறு என்று ஓட்டியவர் வாதாடினார். பிறேக் என்று எண்ணி அக்சிலேற்றரை மிதித்ததே காரணம் என்று 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தகைய விபத்தில் நடப்பதைக் கவனியுங்கள். தான் மிதிப்பது பிறேக் என்று ஓட்டுபவர் நம்புகிறார். வாகனம் நிற்கவில்லை. ஆகவே இன்னும் பலமாக மிதிக்கிறார். வாகனம் இன்னும் பாய்கிறது. ஆகவே இந்த விதியை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: பிறேக் பிடிக்கும்போது வாகனம் வேகமெடுத்தால், முதலில் காலை முழுவதுமாகத் தூக்குங்கள். பிறகு மீண்டும் பிறேக்கைத் தேடி மிதியுங்கள். கால் தூக்கியும் வேகம் குறையாவிட்டால் அக்சிலேற்றர் சிக்கியிருக்கிறது. கியரை நியூற்றலுக்குத் தள்ளிவிட்டுப் பிறேக்கைப் பிடியுங்கள்.

மிதி மாறாமல் இருக்கச் செய்ய வேண்டியவை:

அ) குதிக்காலைப் பிறேக்குக்கு நேரே தரையில் ஊன்றுங்கள். குதி அசையாமல், பாதத்தின் முன்பகுதியை மட்டும் வலப்பக்கம் திருப்பி அக்சிலேற்றரை அமர்த்துங்கள். பாதத்தை நேராக்கினால் பிறேக். உயரம் குறைந்தவர்களுக்கும் சில வாகனங்களிலும் குதியைச் சற்றுத் தூக்க வேண்டி வரலாம். அப்போதும் கால் புறப்படும் இடம் பிறேக்குக்கு நேராகவே இருக்கட்டும்.

ஆ) சீற்றைச் சரிசெய்யுங்கள். மிதியை அடிவரை அமர்த்தும்போதும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும்.

இ) வயற்சேறு ஒட்டிய காலோடும், கழன்று போகும் றப்பர் செருப்போடும் ஓட்டாதீர்கள். செருப்பு மிதிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

ஈ) தண்ணீர்ப் போத்தல், சாவிக்கட்டை, தேங்காய் எதுவும் ஓட்டுபவரின் காலடியில் வேண்டாம். பிறேக்கின் கீழ் உருண்டு வந்த ஒரு போத்தல் போதும்.

உ) பின்னோக்கி எடுக்கும்போது உடலைத் திருப்பிப் பார்க்கிறோம். உடலோடு காலும் இடம் மாறிவிடும். திரும்பிப் பார்த்தபின் பிறேக்கை ஒருமுறை மெல்லத் தொட்டு, அது எங்கே இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள்.

5. உழவு இயந்திரத்தில் இரண்டு பிறேக்

நான்கு சக்கர உழவு இயந்திரத்திலும் பொதுவாக இடது கால் கிளச்சுக்கு, வலது கால் பிறேக்குக்கு. ஆனால் இங்கே வலப்பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு பிறேக் மிதிகள் இருக்கும். இடது மிதி பின்பக்கத்து இடது சக்கரத்தை நிறுத்தும். வலது மிதி பின்பக்கத்து வலது சக்கரத்தை நிறுத்தும். வயல் மூலையில் குறுகலாகத் திருப்புவதற்கு ஒரு பக்கப் பிறேக்கை மட்டும் பிடிக்கிறோம். சேற்றில், குறைந்த வேகத்தில் அது நல்ல உதவி.

அதே பழக்கம் தார் வீதியில் உயிரைக் குடிக்கும். வேகமாகப் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் பிடிபட்டால் இயந்திரம் அந்தப் பக்கம் வெட்டித் திரும்பும், கவிழும். பெட்டியில் ஆட்களும் மூட்டைகளும் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே வரம்பைத் தாண்டி வீதிக்கு ஏறும் முன், இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொளுவியைப் போட வேண்டும். கொளுவி உடைந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் வீதிக்குப் போகக் கூடாது. கொளுவி போட்ட பின்னும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடிக்கின்றனவா என்று, ஆளில்லாத வெளியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் பிறேக்கைச் சரிப்படுத்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உழவு இயந்திரத்தின் வேகத்தைக் கைலீவரில் வைத்து ஓட்டுகிறோம். காரில் காலைத் தூக்கினால் என்ஜின் அடங்கும். கைலீவர் நாம் குறைக்கும்வரை அடங்காது. பிறேக்கை மிதித்தாலும் என்ஜின் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே வீதியில் கைலீவரைக் குறைத்துவிட்டு, கால் அக்சிலேற்றர் இருந்தால் அதையே பாவியுங்கள். அது இல்லாத இயந்திரத்தில், மெதுவாகப் போவதும் லீவரை முதலில் குறைப்பதுமே வழி.

பாரம் ஏற்றிய பெட்டியோடு குளக்கட்டிலிருந்து இறங்கும்போது, இறங்குமுன்னரே குறைந்த கியரைப் போடுங்கள். நடுவழியில் கிளச்சை அமர்த்தாதீர்கள். அமர்த்தினால் என்ஜின் தாங்கிப் பிடிப்பது விட்டுப்போகும். பிறேக் இல்லாத பெட்டி பின்னாலிருந்து தள்ளும்.

6. வேறு வண்டிகளில்

முச்சக்கர வண்டியில் கிளச்சும் கியரும் இடது கையில். பிறேக் வலது காலில். இன்றைய மோட்டார் சைக்கிளில் பின் பிறேக் வலது காலில், கியர் இடது காலில். பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களில் இது மாறி இருந்தது: கியர் வலது காலில், பிறேக் இடது காலில். அத்தகைய வண்டி இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. அதிலிருந்து இறங்கிப் புதிய வண்டியில் ஏறுபவர், வீதிக்குப் போகுமுன் சில தடவை நின்று நின்று பழகிக்கொள்ள வேண்டும். இந்தப் பழைய வண்டிகளை விட்டால், நம் கைக்கு வரும் அநேக வண்டிகளில் கால் பிறேக் என்றால் வலது கால்தான். இடது காலைக் கலக்காமல் இருப்பதற்கு இது இன்னொரு காரணம்.

7. கால் இழந்தவர்கள்

நமது குடும்பங்களில் கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். "இனி வாகனம் உனக்கில்லை" என்று அவர்களிடம் சொல்லிவிட வேண்டாம்.

இடது காலை இழந்தவர் ஓட்டோமற்றிக் காரை எல்லோரையும் போலவே வலது காலால் ஓட்டலாம். வலது காலை இழந்தவருக்காக, பிறேக்குக்கு இடப்பக்கத்தில் அக்சிலேற்றரைப் பொருத்தும் ஏற்பாடு உண்டு. அப்போது இடது காலே இரண்டு மிதிகளையும் பார்த்துக்கொள்ளும். வலப்பக்கத்து அக்சிலேற்றரை மடக்கியோ மூடியோ வைக்க வேண்டும். அந்தக் காரை வீட்டில் வேறொருவர் ஓட்டுவதானால், முதலில் பழைய நிலைக்கு மாற்ற வேண்டும். இரண்டு கால்களும் இல்லாதவருக்குக் கையாலேயே பிறேக்கையும் வேகத்தையும் இயக்கும் கருவிகள் இருக்கின்றன. செயற்கைக் காலுக்கு மிதியின் அழுத்தம் தெரியாது. அதை நம்பிப் பிறேக்கை ஒப்படைக்கக் கூடாது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்காகத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் பரிசோதனைக்குப் போகும்போது, எதையும் மறைக்காமல் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

வலது காலுக்கென்று தனி மகிமை எதுவுமில்லை என்பது இதிலிருந்து விளங்கும். ஓடச் செய்வதும் நிறுத்துவதும் ஒரே காலின் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பதே விதி.

8. செய்து பழகுங்கள்

முதற் பயிற்சி: என்ஜினை நிறுத்தி, கைப்பிறேக்கைப் போட்டு, சீற்றில் அமருங்கள். அருகில் இருப்பவர் நினைத்த நேரத்தில் "நில்!" என்று கூப்பிடட்டும். கீழே பார்க்காமல் வலது காலை அக்சிலேற்றரிலிருந்து பிறேக்குக்கு மாற்றுங்கள். ஐம்பது தடவை செய்யுங்கள். வாகனம் கிடைக்காத நாளில், தரையில் இரண்டு ஓட்டுத் துண்டுகளை வைத்தும் இதைப் பழகலாம்.

இரண்டாம் பயிற்சி: ஆளில்லாத மைதானத்தில் மணிக்கு 10, பின்னர் 20 கி.மீ வேகத்தில் ஓட்டி, குறித்த கோட்டில் மெல்ல நிறுத்துங்கள். கியர் வாகனத்தில் முதலில் பிறேக். வாகனம் நிற்கப்போகும் தறுவாயில் கிளச். கிளச்சை முதலில் அமர்த்தினால் என்ஜினின் உதவியை இழப்பீர்கள். அவசரத்தில் என்ஜின் நின்றுபோனால் போகட்டும். வாகனம் நிற்பதே முக்கியம்.

மூன்றாம் பயிற்சி: ஓட்டோமற்றிக் காரில் ஏறியதும் இடது காலை அதற்கான கால்தாங்கியில் வையுங்கள். பழக்கத்தில் அது கிளச்சைத் தேடி எழும். எழுந்தால் பிறேக் மிதியின் ஓரத்தில் போய் விழும். கார் குலுங்கி நிற்கும். ஆகவே முதல் நாட்களில் இடது காலை நன்றாகப் பின்னே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறேக்கை அமர்த்தினால்தான் பார்க்கிங்கிலிருந்து கியர் விடுபடும் பூட்டு பல கார்களில் உண்டு. அதையும் வலது காலால்தான் செய்ய வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது குடியிருப்பில் வாகனம் ஓட்டுபவர்களில் எத்தனை பேர் ஒன்றுக்கு மேற்பட்ட வகை வண்டிகளை ஓட்டுகிறார்கள்? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது என்ன முன்னெச்சரிக்கை எடுக்கிறார்கள்?

2. நமது உழவு இயந்திரங்களில் பிறேக் மிதிகளை இணைக்கும் கொளுவி வேலை செய்கிறதா? இந்த வாரமே யார் போய்ப் பார்ப்பது?

3. பெட்டியில் ஆட்களை ஏற்றுவதைத் தவிர்க்க வேறு என்ன வழி செய்யலாம்? பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேறு வாகனம் ஒழுங்குசெய்ய முடியுமா?

4. கால் இழந்தவர்களில் ஓட்டப் பழக விரும்புகிறவர்கள் யார்? பெண்களில் யார்? அவர்களுக்குப் பழக்க ஒரு வாகனத்தையும், பொறுமையுள்ள ஒருவரையும் தேடிக் கொடுக்க நம்மால் முடியுமா?